ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்திலேயே ஆராய்ச்சி வாய்ப்பு: கம்ப்யூட்டர் மாடலிங்கில் பிஎச்டி செய்வது எப்படி? உதவித்தொகை எவ்வளவு? முழு விவரம்!

எம்எஸ்சி கணிதம், இயற்பியல், வேதியியல் முடிச்சாச்சு. அடுத்து என்ன? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் உள்ள பெரும்பாலான வீடுகளில் இதற்கு மூணே பதில்தான்: பி.எட்., வங்கித் தேர்வு, ஐடி வேலை.

நாலாவதாக ஒரு வழி இருக்கு. கம்ப்யூட்டரில் மாதிரி உருவாக்கி நோய், வெள்ளம், மருந்து, பேட்டரி, டாங்கி என எதையும் ஆராயும் பிஎச்டி படிப்பு. முழுநேர ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாயில் தொடங்கும் உதவித்தொகையும் உண்டு. இதற்காக வெளிநாடு போக வேண்டிய கட்டாயமில்லை. நாடு முழுக்கப் பேசப்பட்ட ஒரு மாடல் உருவான இடம், அம்பத்தூரை ஒட்டியுள்ள அயப்பாக்கம்தான்.

ஆனா, இது 4 முதல் 6 வருஷம் எடுக்கும் முடிவு. எங்கே சேரணும், பணம் எங்கிருந்து வரும், எதையெல்லாம் கேட்டுட்டு சேரணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• முதுநிலைப் பட்டத்தில் 55% மதிப்பெண் இருந்தால் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம்.
• நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75% இருந்தால், முதுநிலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம்.
• ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய்.
• பிஎச்டிக்கு குறைந்தது 3 ஆண்டுகள்; அதிகபட்சம் பொதுவாக 6 ஆண்டுகள்.
• ஆன்லைன் பிஎச்டி, தொலைநிலை பிஎச்டி செல்லாது.

மாடலிங், சிமுலேஷன் - அப்படின்னா என்ன?

மாடலிங்னா இங்கே ராம்ப் வாக் இல்லை. நிஜ உலகில் நடக்கும் ஒன்றை கணக்காக எழுதுவதுதான் மாடல். அந்தக் கணக்கை கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று பார்ப்பது சிமுலேஷன்.

ஒரு எளிய உதாரணம். 1,000 பேர் வசிக்கும் ஒரு நகரில் ஒருவருக்கு காய்ச்சல். அவர் இரண்டு பேருக்குப் பரப்புகிறார், அந்த இரண்டு பேர் நாலு பேருக்கு. இப்படியே போனால் ஒன்பதாவது சுற்றில் புதிதாக 512 பேருக்கு நோய் வரணும். நிஜத்தில் அப்படி வராது. ஏன்னா, நோய் வந்து குணமானவர்கள் கூடிக்கொண்டே போவாங்க, நோய் வராதவர்கள் குறைஞ்சுக்கிட்டே போவாங்க. இந்தக் கூடுதல், குறைதலை சமன்பாடாக எழுதினால் அதுதான் தொற்றுநோய் மாடல்.

இதற்கு அடித்தளம் போட்ட கெர்மாக், மெக்கென்ட்ரிக் ஆகிய இருவரின் ஆய்வுக்கட்டுரை 1927-ல் வெளியானது. தங்கள் சமன்பாடு சரியா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது, 1905-06ல் பம்பாயில் பிளேக் நோயால் இறந்தவர்களின் வாராந்திரக் கணக்கு. அதாவது, இந்தத் துறையின் தொடக்கத்திலேயே இந்தியத் தரவு இருக்கு.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. புரதத்தின் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டு வரைபடமாகக் கொடுத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என்.ராமச்சந்திரன். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-ல் அவர் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்றைய கம்ப்யூட்டர் வசதி எதுவும் இல்லாத காலம் அது. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று பார்க்க இந்த வரைபடத்தில் வைத்துச் சோதிக்கிறாங்க.

அயப்பாக்கத்தில் உருவான காசநோய் மாடல்

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புப் பகுதியில் இருக்கு, ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். சுருக்கமாக என்ஐஇ. ஆவடியில் இயங்கிய தொழுநோய் கள ஆய்வுப் பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்து 1999 ஜூலையில் இது உருவானது. கொரோனா காலத்தில் நாடு முழுக்க ரத்த மாதிரி எடுத்து, எத்தனை பேருக்கு நோய் வந்துபோனது என்று கண்டறிந்த தேசிய ஆய்வுகளில் முன்னணியில் நின்ற நிறுவனம் இதுதான்.

இங்கே உருவான ஒரு மாடல் இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பயன்படுது. காசநோய் உறுதியானவர்களில் யாருக்கு உடனே மருத்துவமனைப் படுக்கை தேவை என்று பிரித்துப் பார்ப்பதற்காக 2022-ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட்டது. நோயாளியிடம் ஐந்தே விஷயங்கள் பார்க்கப்படும்:

• உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கா?
• காலில் வீக்கம் இருக்கா?
• நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார்?
• ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எவ்வளவு?
• யாரையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா?

2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை காசநோய் கண்டறியப்பட்ட கிட்டத்தட்ட 56,000 பேரின் தரவை வைத்து, இந்தத் தகவல்களிலிருந்து ஒருவர் இறக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணிக்கும் மாடலை என்ஐஇ உருவாக்கியது. மிகவும் பாதிக்கப்பட்டவர் என்று குறிக்கப்படுபவருக்கு இந்த வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம் வரை. அப்படி இல்லாதவருக்கு 1 முதல் 4 சதவீதம். 2025-ல் இது களப்பணியாளர்கள் பயன்படுத்தும் செயலியிலேயே சேர்க்கப்பட்டது. நாட்டிலேயே முதல்முறையாக இதைச் செய்தது தமிழ்நாடுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இதற்கு எடை பார்க்கும் மெஷினும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும், ஒழுங்காக எழுதி வைத்த தரவும் போதும். 'யாரை முதலில் படுக்கையில் சேர்க்கணும்?' என்ற சரியான கேள்வியைத் தேர்ந்தெடுத்ததுதான் பெரிய விஷயம். பிஎச்டியிலும் கடைசியில் முக்கியமாக நிற்பது அந்தக் கேள்விதான்.

மாடல் தப்பாகவும் போகும்

2020-ல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு ஒன்று, முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் தொடர்ந்தால் 2021 பிப்ரவரிக்குள் கொரோனா கட்டுக்குள் வந்துவிடும் என்று அந்த ஆண்டு அக்டோபரில் சொன்னது. ஆனால், 2021 ஏப்ரல், மே மாதங்களில் வந்த இரண்டாம் அலையை யாரும் மறந்திருக்க முடியாது. புதிய வகை வைரஸ் வந்தால் என்ன ஆகும், ஒருமுறை நோய் வந்தவருக்கு மறுபடி வந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் கணக்கில் எப்படிச் சேர்க்கப்படுது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும்.

அதனால, மாடல் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே தப்பலாம் என்று சொல்லத் தெரியணும். நிஜத் தரவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கணும். நல்ல ஆராய்ச்சி மாணவரின் பாதி நேரம் இதில்தான் போகும்.

எந்தெந்தத் துறையில் செய்யலாம்?

'கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு மட்டும்தானே?' என்றால், இல்லை. எல்லா அறிவியல் துறைகளிலும் இந்த வேலை இருக்கு.

• வேதியியல்: மூலக்கூறுகள் எப்படி நகரும், எப்படி வினைபுரியும் என்று கணக்கிடுவது. 2013-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இதற்குத்தான்.
• இயற்பியல், பருவநிலை: காற்று, கடல், வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்த பூமி மாடல். 2021 இயற்பியல் நோபல் பரிசில் பாதி, பருவநிலை மாடல் உருவாக்கிய மனாபே, ஹாசெல்மன் இருவருக்கும் போனது.
• உயிரியல்: புரதத்தின் வடிவத்தை ஏஐ மூலம் கணிப்பது. 2024 வேதியியல் நோபல் பரிசில் பாதி இதற்கு.
• பொறியியல்: பாலம், இன்ஜின், விமான இறக்கை எவ்வளவு அழுத்தம் தாங்கும், காற்று எப்படி ஓடும் என்று பார்ப்பது.
• நீரியல்: எவ்வளவு மழை பெய்தால் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று சொல்வது.

கடைசியில் சொன்னது நம்ம ஏரியாவுக்கு ரொம்ப நெருக்கமானது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டதை பூந்தமல்லி, போரூர் மக்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. அதற்குப் பிறகு சென்னைக்கென ஒரு வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2019-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் முன்னின்று உருவாக்கிய 'சி-ஃப்ளோஸ்' அது. மழை, ஆற்று நீர், கடல் அலை ஏற்றம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கணக்கிட்டு, எந்தப் பகுதி மூழ்கும் என்று சொல்வது அதன் வேலை. கூவம், கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளில், ஏரிகள் ஒன்றுக்கொன்று நிரம்பி வழியும் நம் பகுதியில், ஆராய வேண்டியது இன்னும் நிறைய இருக்கு.

வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே?

அயப்பாக்கம் என்ஐஇ: தொற்றுநோயியல், புள்ளியியல், பொது சுகாதாரம் சார்ந்த மாடலிங்கில் ஆர்வம் உள்ளவர்களுக்கு. ஐசிஎம்ஆர் நிறுவனங்களில் 'ஆக்சிர்' எனப்படும் அறிவியல், புத்தாக்க ஆராய்ச்சிக் கழகம் வழியாக பிஎச்டி பதிவு செய்ய முடியும். நேரடியாக பிஎச்டியில் சேரத் தயக்கமா? இங்கே திட்டப்பணியாளர் இடங்களுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். ஓராண்டு வேலை பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்படுமா என்று முடிவெடுக்கலாம்.

ஆவடி சிவிஆர்டிஇ: அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த டிஆர்டிஓ ஆய்வகம். 58 டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கி மேடு பள்ளத்தில் ஓடும்போது உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு அதிர்வு வரும்? சஸ்பென்ஷன் எவ்வளவு தாங்கும்? இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் நிஜ டாங்கியை ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால சிமுலேஷன் இங்கே அன்றாட வேலை. டிஆர்டிஓ ஆய்வகங்கள் ஜேஆர்எஃப் இடங்களுக்கு அவ்வப்போது நேர்காணல் அறிவிப்பு வெளியிடும். மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் போன்ற பிரிவுகளில் பட்டத்தோடு கேட் அல்லது நெட் மதிப்பெண் கேட்பாங்க. ஒரு விஷயம்: ஜேஆர்எஃப் வேலை கிடைத்தாலே பிஎச்டி ஆகிவிடாது. பல்கலைக்கழகத்தில் தனியாகப் பதிவு செய்யணும். அதற்கு அனுமதி உண்டா என்று நேர்காணலிலேயே கேட்டுடுங்க.

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்: ஆவடியில் வேல்டெக், பூந்தமல்லியைத் தாண்டி தண்டலத்தில் சவீதா, மதுரவாயலில் டாக்டர் எம்.ஜி.ஆர்., போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா எனப் பல நிறுவனங்கள் பிஎச்டி நடத்துகின்றன. வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பது பெரிய வசதி. ஆனா, கட்டணம், உதவித்தொகை, கைடின் துறை மூன்றும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விண்ணப்பிக்கும் முன் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்க.

ரயிலில் போய் வரும் தூரத்தில் எங்கே?

ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் இத்தனை வாய்ப்பு இருக்கு.

கணித அறிவியல் நிறுவனம், தரமணி: 1962-ல் தொடங்கப்பட்டது. கோட்பாட்டு இயற்பியல், கணிதம், கணினியியல், கணக்கீட்டு உயிரியல் ஆகியவற்றில் பிஎச்டி. மத்திய அணுசக்தித் துறையின் நிதியில் இயங்குவதால், தேர்வாகும் முழுநேர மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. ஜெஸ்ட் போன்ற தேசிய நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து நேர்காணலுக்கு அழைப்பாங்க.

சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சி, தரமணி: கட்டடம், பாலம், கோபுரம் ஆகியவற்றின் உறுதியை ஆராயும் மத்திய அரசு நிறுவனம். சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு ஏற்றது. பிஎச்டி ஆக்சிர் வழியாக.

ஐஐடி மெட்ராஸ்: கடல் பொறியியல், விண்வெளி, வேதிப்பொறியியல், உயிர்த்தொழில்நுட்பம், இயற்பியல், வேதியியல், கணிதம் என எந்தத் துறையை எடுத்தாலும் மாடலிங் செய்யும் ஆய்வுக்குழு இருக்கும். கேட் அல்லது நெட் தகுதியோடு எழுத்துத் தேர்வு, நேர்காணல் வழியாகச் சேர்க்கை.

அண்ணா பல்கலைக்கழகம், கிண்டி: ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை. முழுநேரம், பகுதிநேரம் இரண்டும் உண்டு. ஆராய்ச்சி மையமாக அங்கீகாரம் பெற்ற இணைப்புக் கல்லூரிகளிலும் பதிவு செய்யலாம் என்பதால், வீட்டுப் பக்கத்துக் கல்லூரியிலேயே கைடு கிடைக்க வாய்ப்பிருக்கு.

சென்னைப் பல்கலைக்கழகம், கிண்டி வளாகம்: கோட்பாட்டு இயற்பியல், படிகவியல் மற்றும் உயிர் இயற்பியல் துறைகள் இங்கேதான். ராமச்சந்திரன் விட்டுப்போன மரபு.

சென்னையைத் தாண்டினால்?

பெங்களூரு ஐஐஎஸ்சியில் கணக்கீடு மற்றும் தரவு அறிவியலுக்கென்றே தனித் துறை இருக்கு. அங்குள்ள 'பரம் பிரவேகா' சூப்பர் கம்ப்யூட்டரின் திறன் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ். விநாடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்கு போடும். காரைக்குடி சிஎஸ்ஐஆர்-சிக்ரியில் பேட்டரி ஆராய்ச்சி, கல்பாக்கத்தில் அணு உலை சார்ந்த ஆராய்ச்சி நடக்குது. திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' என்ற 838 டெராஃப்ளாப்ஸ் சூப்பர் கம்ப்யூட்டர் நிறுவப்பட்டது. அந்தப் பெயரில் உள்ள 'பொருள்' திருக்குறளிலிருந்து வந்தது.

ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளில் பல பிஎச்டி இடங்கள் சம்பளத்தோடு கூடிய வேலையாகவே விளம்பரம் செய்யப்படும். அங்கே போக நினைப்பவர்களுக்கும் இங்கே செய்த ஒரு நல்ல முதுநிலை புராஜெக்ட்தான் நுழைவுச்சீட்டு.

என்ன தகுதி வேணும்?

யுஜிசியின் 2022 விதிமுறைகள்படி:

• முதுநிலைப் பட்டத்தில் 55%. எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயர் அல்லாத ஓபிசி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5% தளர்வு.
• நான்கு ஆண்டு பட்டம் என்றால் 75%. இதிலும் அதே 5% தளர்வு உண்டு. பி.இ., பி.டெக். முடித்தவர்கள் இதைக் கவனிக்கணும்.
• எம்.ஃபில். இனி தேவையில்லை. அந்தப் படிப்பே நிறுத்தப்பட்டுவிட்டது.
• பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள் அவகாசம். பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாட்கள் வரை கிடைக்கும்.

நுழைவுத் தேர்வில் 2024 முதல் ஒரு மாற்றம். நெட் தேர்வு எழுதுபவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறாங்க: ஜேஆர்எஃப் பெற்றவர், உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்டி தகுதியும் பெற்றவர், பிஎச்டிக்கு மட்டும் தகுதி பெற்றவர். இரண்டாவது, மூன்றாவது வகையினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70%, நேர்காணலுக்கு 30% என்று கணக்கிட்டு சேர்க்கை நடக்கும். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். அதனால தேர்வு முடிவு வந்ததும் விண்ணப்பிக்கத் தொடங்கணும். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிர் அறிவியல், புவி அறிவியல் மாணவர்கள் எழுத வேண்டியது சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட். கணினி அறிவியல் மாணவர்களுக்கு யுஜிசி நெட். பொறியியல் மாணவர்களுக்கு கேட். அதன் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும்.

உதவித்தொகை எவ்வளவு?

வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

• ஜேஆர்எஃப்: முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அடுத்து எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000 ரூபாய். இதோடு விதிப்படி வீட்டு வாடகைப்படியும் உண்டு.
• பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை: முதல் 2 ஆண்டுகள் மாதம் 70,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு 75,000, நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் 80,000 என்ற அளவில் வழங்கப்பட்டு வந்தது. போட்டி அதிகம். 2025-26 மத்திய பட்ஜெட்டில், ஐந்து ஆண்டுகளில் ஐஐடி, ஐஐஎஸ்சியில் 10,000 பேருக்கு இது வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும்போது புதிய விதிகளைப் பாருங்க.
• முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை: தமிழ்நாடு அரசு வழங்குவது. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தகுதித் தேர்வு மூலம் தேர்வாகும் முழுநேர மாணவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் என்று தொடங்கப்பட்டது.
• எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்கு மத்திய அரசின் தனித்தனி தேசிய உதவித்தொகைத் திட்டங்கள் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர பிஎச்டி மாணவர்களுக்கு தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. ஜேஆர்எஃப் வாங்கி 5 ஆண்டுகள் முழுமையாகப் படித்தால், வாடகைப்படி இல்லாமலே மொத்தம் 24 லட்சம் ரூபாய் கைக்கு வரும். அதே 5 ஆண்டுகள் உதவித்தொகை இல்லாமல், கட்டணமும் கட்டிப் படித்தால் கையிலிருந்து போகும். ஒரே பட்டம், ஒரே உழைப்பு, ஆனா வீட்டுப் பொருளாதாரத்தில் இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம். அதனால, அவசரமாகச் சேருவதைவிட நெட், கேட் தேர்வை இன்னொரு முறை எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் லாபம்.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. உதவித்தொகை சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாக வரும். முதல் சில மாதங்களுக்குக் கையிருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம்.

வேலை பார்த்துக்கிட்டே செய்ய முடியுமா?

முடியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ, ஐடி நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கு பகுதிநேர பிஎச்டி சரியாக இருக்கும். நிறுவனத்திடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று கட்டாயம். ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கவும், அலுவலக வசதிகளைப் பயன்படுத்தவும் அனுமதிப்பதாக அதில் இருக்கணும். ஆனா, பகுதிநேர மாணவர்களுக்கு ஜேஆர்எஃப் கிடையாது.

தினமும் டிசைன் சாஃப்ட்வேரில் உதிரிபாகத்தின் அழுத்தத்தைக் கணக்கிடும் பொறியாளருக்கு, ஆராய்ச்சிக்கான கேள்வி அவர் மேஜையிலேயே இருக்கும். கம்பெனித் தரவை ஆய்வறிக்கையில் வெளியிட அனுமதி உண்டா என்பதை மட்டும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கணும்.

சேரும் முன் கைடிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. உங்களிடம் இப்போது எத்தனை பேர் பிஎச்டி செய்யறாங்க? பேராசிரியர் என்றால் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம்.
2. இதுவரை முடித்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள்? இப்போது எங்கே இருக்காங்க?
3. பெரிய கணக்குகளை ஓடவிட எந்தக் கம்ப்யூட்டர்? ஆய்வகத்தில் கிளஸ்டர் இருக்கா, வெளியில் நேரம் வாங்கணுமா?
4. மாடலைச் சரிபார்க்க நிஜத் தரவு எங்கிருந்து வரும்? பரிசோதனை செய்யும் குழுவோடு தொடர்பு உண்டா?
5. பயன்படுத்தும் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் இருக்கா, இலவச சாஃப்ட்வேரா?
6. உதவித்தொகை நின்றுபோனால் மாற்று வழி என்ன?

நாலாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் யோசிங்க. சரிபார்க்கத் தரவே இல்லாத மாடல், ஐந்து ஆண்டு கழித்தும் வெறும் படமாகத்தான் நிற்கும். முடிந்தால் அங்கே இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசிப் பாருங்க. இணையதளம் சொல்லாததை அவர் சொல்வார்.

ஏமாறாமல் இருக்க...

• 'ஆன்லைன்லயே முடிச்சுடலாம்' என்றால் வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எட்டெக் நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் பிஎச்டிகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022-லேயே எச்சரித்தன.
• பல்கலைக்கழகத்தின் பெயரை யுஜிசி இணையதளத்தில் தேடிப் பாருங்க. விதிகளை மீறியதாக ராஜஸ்தானில் 3 பல்கலைக்கழகங்கள் 5 ஆண்டுகளுக்கு பிஎச்டி சேர்க்கை நடத்த 2025 ஜனவரியில் தடை விதிக்கப்பட்டது. அங்கே பணம் கட்டிச் சேருபவர்களின் பட்டம் செல்லாது.
• 'கட்டுரை எழுதித் தர்றோம், பணம் கட்டுங்க' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பிளாக் பண்ணிடுங்க. பிடிபட்டால் பட்டம் வாங்கிய பிறகும் பறிபோகலாம்.

இப்போதே என்ன செய்யலாம்?

• நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, புள்ளியியல் நான்கையும் தூசி தட்டுங்க. நெட் தேர்வுக்கும் உதவும், ஆராய்ச்சிக்கும் உதவும்.
• பைத்தான் கத்துக்குங்க. லினக்ஸ் பழகுங்க. என்பிடெல் தளத்தில் ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம்.
• ஓப்பன்ஃபோம், குரோமாக்ஸ், லாம்ப்ஸ், ஆர் எல்லாமே இலவச சாஃப்ட்வேர். சாதாரண லேப்டாப்பிலேயே சின்னக் கணக்குகளை ஓடவிடலாம்.
• மேலே சொன்ன காய்ச்சல் உதாரணத்தை நீங்களே பைத்தானில் எழுதிப் பாருங்க. இருபது, முப்பது வரிதான். ஒருவர் இரண்டு பேருக்குப் பரப்புவதை ஒன்றரை என்று மாற்றினால் வரைபடம் எப்படி மாறுது என்று பாருங்க. அதைப் பார்த்து 'ஏன்?' என்ற கேள்வி வந்தால், இந்தத் துறை உங்களுக்கானது.
• பிடித்த ஆய்வாளரின் இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு மெயில் அனுப்புங்க. 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மா' என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்பினால் பதில் வராது.

ஜூன், டிசம்பர் சுழற்சிகளுக்கு நெட் அறிவிப்பு வரும். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். ஆக்சிர் சேர்க்கை ஜனவரி, ஆகஸ்ட் என இரண்டு பருவங்களுக்கு நடக்கும். கட்டணம், வயது வரம்பு, கடைசி நாள் ஆகியவை ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால், அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.